ஐம்பத்தேழுக்கு அடுத்து அறுபது

வடவாய்ப்பேட்டையில் எட்டும் ஒன்பதும் இல்லாமல் போனது ஓர் ஆடி மாதத்தில். ஏழாம் தேதித் தாளைக் கிழித்தவர்கள் அதற்கடியில் பத்தாம் தேதியைக் கண்டார்கள்; அச்சுப்பிழை என்று நினைத்து மேலும் புரட்டியவர்கள் பதினொன்று, பன்னிரண்டு என்று பதினேழு வரைக்கும், பதினேழுக்குப் பிறகு நேராக இருபதையும் கண்டார்கள். கடைத்தெரு மணிக்கூண்டில் ஏழுக்கு அடுத்த இடத்தில் பத்து இருந்தது, உச்சியில் பதினான்கு இருந்தது, முட்கள் எப்போதும்போல் ஆறு நிமிடம் தாமதமாகவே ஓடின. வீட்டு வாசல்களின் எண்கள், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு, ரேஷன் அட்டைகள், எட்டாம் நம்பர் டவுன் பஸ்ஸின் நெற்றி எல்லாம் ஒரே விடியலில் மாறிவிட்டன. எந்தப் பொருளும் கூடவுமில்லை, குறையவுமில்லை. கூடையில் இருந்த முட்டைகள் கூடையில் இருந்தன, அவற்றை எண்ணிச் சொல்கிற சொல்தான் வேறாக இருந்தது.

நாக்கும் அப்படியே. எண்ண ஆரம்பித்தவன் ஏழு சொல்லி முடித்ததும் வாய் தானாகப் பத்துக்குப் போயிற்று. எட்டு என்ற சொல், கை எட்டவில்லை, எட்டிப் பார்த்தான் என்கிற மாதிரி இடங்களில் மட்டும் மிஞ்சியிருந்தது.

இதெல்லாம் ஊருக்கு மேற்கே வாய்க்கால்மேல் நிற்கிற மூன்று கண் பாலத்தோடு நின்றது. பாலத்துக்கு அந்தப்பக்கம் உலகம் பழையபடி எண்ணிக்கொண்டிருந்தது. எட்டாம் நம்பர் பஸ் நடுக்கண்ணைத் தாண்டி ஊருக்குள் வரும்போது பத்தாம் நம்பர் ஆகும், திரும்பிப் போகும்போது மறுபடி எட்டாகும்; பஸ்ஸில் யாராவது செய்தித்தாளை விரித்து வைத்திருந்தால் அதிலே செத்துப்போனவர்களின் வயது பாலத்தில் ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றுமாக இருக்கும். பாலத்தின் பலகையில் எழுதியிருந்த மூன்று மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மூன்றாகவே இருந்தது. ஏழு வரைக்கும் எந்த எண்ணுக்கும் ஒரு குறையும் வரவில்லை.

தையல்காரி தையல்நாயகிக்கு இது தெரியவந்தது கணக்கு டீச்சர் ரெஜினா மேரியின் மார்பில் இஞ்சு டேப்பைச் சுற்றியபோது. பெயருக்கேற்ற தொழில் என்று ஊர் கேலி பேசுகிற தையல்நாயகி, இருபது வருடமாக அந்த ஊர்ப் பெண்களின் அளவுகளை நோட்டில் எழுதாமல் மனதிலேயே வைத்திருப்பவள். டீச்சருடையது முப்பத்தெட்டு. டேப்பு நாற்பத்தாறு என்றது.

"மூச்சை விடுங்க டீச்சர்."

"விட்டுட்டுத்தான் நிக்கிறேன். டேப்பை மாத்து நாயகி, இது ஆம்பள டேப்பு போலிருக்கு."

அன்று கடைக்கு வந்த எல்லாப் பெண்களும் பெருத்திருந்தார்கள், பழைய ரவிக்கைகள் எல்லாருக்கும் சரியாகவும் இருந்தன. சாயங்காலம் ரெஜினா மேரி பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்குள் சொல்ல வாய் வராத சொற்களை அங்கே வைத்துச் சொன்னார். கட்டை விரல் எண்ணுகிற விரல், எண்ணப்படுகிற விரல் அல்ல, அதை விட்டால் இரண்டு கையிலும் எத்தனை விரலோ அத்தனையோடு நம் ஊர் நின்று அடுத்த கட்டுக்குப் போகிறது, முப்பத்தெட்டில் நான்கு எட்டும் மேலே ஆறும் இருப்பதால் அது நாற்பத்தாறு, அவ்வளவுதான் விஷயம் என்றார். எண் என்ற சொல்லுக்கே எட்டு என்றும் ஒரு பொருள் உண்டு, எண்ணிக்கை ஒரு காலத்தில் அங்கேதான் முடிந்திருக்க வேண்டும், பின்னால் வந்த ஒன்பது தனக்கென்று பேர் இல்லாமல் பத்தின் பேரை இரவல் வாங்கிக்கொண்டு நிற்கிறது, காதில் விழவில்லையா என்று கேட்டார். கூடப்போனவர்கள் காதில் விழுந்தது என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தார்கள்.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. ஆடிப் பதினெட்டு அந்த வருடம் ஆடி இருபத்திரண்டாயிற்று. பெண்கள் அதே தண்ணீரில் அதே காதோலையும் கருகமணியும் விட்டார்கள், மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். பெருமாள் கோயில் ஆஞ்சநேயருக்கு நூற்றெட்டு வடை வேண்டிக்கொண்டவர்கள் நூற்றைம்பத்து நான்கு என்று சொல்லிச் சாத்தினார்கள், மாலை அதே நீளத்துக்குத்தான் வந்தது. நாற்பத்தாறு என்ற அளவைக் கேட்டுச் சண்டைக்கு வந்த பெண்கள் ஐப்பசிக்குள் அதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டார்கள். கடைத்தெருவில் பூ விற்கிற பவளக்கொடி ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவள். முப்பது வருடமாக அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சொல்லிச் சிரித்தவர்களுக்கு இப்போது வாயில் அந்த எண் இல்லை, பதினொன்று என்று கூப்பிட்டால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அவளைப் பவளக்கொடி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வாரம் முழுக்க, முழம் போடும்போது கையைக் கொஞ்சம் நீட்டியே அளந்தாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது ஒரே ஒரு விஷயத்தில். பொருள்காரர்கள் என்று ஒரு கட்சி, எழுத்துக்காரர்கள் என்று ஒரு கட்சி. எண்ணை எப்படி எழுதினாலும் பொருள் ஒன்றுதான், அதனால் எதையும் புதிதாகக் கொண்டாட வேண்டியதில்லை என்று முன்னவர்கள் சொன்னார்கள். எழுதியிருப்பது எதுவோ அதுதான் என்று பின்னவர்கள் சொன்னார்கள். சலூனில் தொடங்கிய இந்த வழக்கு, கார்த்திகை மாதம் பள்ளிக்கூடத்தில் தீர்ந்தது. பள்ளியின் நெற்றியில் கட்டிய வருடம் சிமெண்டிலும், கீழே வருடாவருடம் மாற்றி எழுதுகிற அதன் வயது சுண்ணாம்பிலும் இருக்கும். வெளியூர்க் கணக்கில் அதற்கு அறுபத்து நான்கு. உள்ளூர்க் கணக்கில் அது 100 என்று, ஒரு கோலும் இரண்டு வட்டமுமாக, பிசிறில்லாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நூற்றாண்டு விழா எடுக்காமல் இருக்கப் பொருள்காரர்களாலும் முடியவில்லை. பந்தல் போட்டார்கள், சிவன் கோயில் கல்யாணசுந்தர குருக்கள் வந்து கணபதி ஹோமம் செய்து, குத்துவிளக்கை ஏற்றி, பொன்னாடையும் போர்த்திக்கொண்டு போனார்.

தையல்நாயகி அந்தப் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் நினைப்பெல்லாம் வேறோர் எண்ணில் இருந்தது.

அவள் கணவர் அம்மையப்பன் எட்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவர். அவள் பிறந்த வீடு பாலத்துக்கு அந்தப்பக்கம், மேலத்தோப்பில். தையல் வகுப்புக்கு அந்த பஸ்ஸில்தான் வருவாள். சாதி வேறு. ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டது பஸ் கண்டக்டரும், அதுவரைக்கும் இருவரையும் பார்த்தேயிராத ஒரு பெட்டிக்கடைக்காரரும். மேளம் இல்லை, மாலைகூட ஒன்றுதான் இருந்தது, அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவர், அழாதே தையலு, அறுபதாம் கல்யாணத்தை ஊர்கூட்டி மேளம் வைத்துப் பண்ணுவோம், அதற்குள் எல்லாருக்கும் கோபம் தீர்ந்திருக்கும் என்றார். அவள் அண்ணன் உத்திராபதிக்குத் தீரவில்லை. எட்டாம் நம்பர் பஸ்ஸைக் கண்டால் நிறுத்தத்திலிருந்து தள்ளிப்போய் நின்றுகொள்வார், மழை கொட்டினாலும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். இருபத்தொரு வருடம் அப்படி நின்றார்.

குழந்தைகள் இல்லை. போன பங்குனியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அம்மையப்பனின் இதய வால்வுகளில் இரண்டு கெட்டுவிட்டதாகவும், அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்றும் சொன்னார்கள். எவ்வளவு நாள் என்று அவர்தான் கேட்டார், லைசென்ஸ் எப்போது முடியும் என்று கேட்கிற குரலில். வருகிற தையைப் பார்ப்பீர்கள், அதற்கடுத்த தையைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு டிப்போ அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. வீட்டுக்கு வருகிற வழியில், பாலத்தின்மேல், இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் தையலு, பரிதாபத்தோடு எவனும் எனக்கு வணக்கம் வைக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு.

எட்டும் ஒன்பதும் போன பிறகு ஒருநாள், ரேஷன் அட்டையில் அவர் பேருக்கு நேரே 57 என்று இருப்பதை அவள் கண்டாள். கண்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள், ஒரு ரவிக்கைக்கு இரண்டு கை தைத்தாள், எழுந்துபோய் டேப்பை எடுத்து மேஜைமேல் நீளமாகப் பரப்பினாள். டேப்பின் கடைசி எண் முன்பெல்லாம் அறுபது. இப்போது கடைசியில் எழுபத்து நான்கு இருந்தது. அறுபது ஒரு அடி இந்தப்பக்கம் வந்திருந்தது. அவள் விரலை வைத்து ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்று நகர்த்தினாள். ஐம்பத்தேழுக்கு அடுத்து அறுபது. நடுவில் ஒரு விரற்கடைகூட இல்லை. தையில் அவருக்கு அடுத்த வயது பிறக்கிறது. எட்டாது என்று அவள் கைவிட்டிருந்த அறுபது கை எட்டும் இடத்தில் கிடந்தது.

குருக்கள் முடியாது என்றார். எழுத்து என்னவாகவும் இருக்கட்டும், ஒருத்தன் பிறந்த வருஷத்தின் பேர் சுற்றிக்கொண்டு திரும்ப வர வேண்டும், அதற்குப் பேர்தான் அறுபது, உன் ஆத்துக்காரருக்கு அந்தப் பேர் வர இன்னும் நிறைய இருக்கிறதே அம்மா என்று பொறுமையாகவே சொன்னார். அவள் மாதம் ஒருமுறை போய்க் கேட்டாள். நூற்றாண்டு விழா முடிந்த மறுநாள், கோயில் வாசலில் அந்தப் பொன்னாடையை அவர் வெயிலில் காயப்போட்டிருந்தபோதும் போனாள்.

"பள்ளிக்கூடத்துக்கு நூறு ஆகலாம், எங்க வீட்டுக்காரருக்கு அறுபது ஆகக் கூடாதா சாமி?"

குருக்கள் பொன்னாடையைப் பார்த்தார். அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அது கட்டடம்மா. கட்டடத்துக்கு வருஷத்துப் பேர் திரும்ப வந்தா என்ன, வராட்டா என்ன. மனுஷாளுக்கு அப்படியில்ல. அவசரம் என்ன உனக்கு? அவர் உடம்பைக் கேளு, அது என்ன வயசு சொல்றதோ அதான் வயசு."

"கேட்டுட்டுத்தான் வந்தேன் சாமி. மூணு படி ஏறினா நின்னு சுவத்தப் பிடிக்குது. எழுபதுங்குது."

குருக்கள் அவள் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடமாகக் கோயிலுக்கு வருகிறவர்களின் முகத்தைக் கற்பூர வெளிச்சத்தில் பார்த்துவருகிற மனிதர். உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தையில் உன் ஆத்துக்காரர் நட்சத்திரம் வெள்ளிக்கிழமை வருகிறது, காலையிலேயே வைத்துக்கொள்வோம், ஹோமப் புகை இல்லாமல் சுருக்கமாகப் பண்ணித் தருகிறேன் என்றார்.

அறுபதாம் கல்யாணம் பிள்ளைகள் எடுத்துச் செய்கிற கல்யாணம். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை ஊர் அப்போதுதான் நினைத்துப்பார்த்ததுபோல் பார்த்தது. பார்த்ததும், எந்தக் கூட்டமும் போடாமல், வேலைகளைப் பங்கு போட்டுக்கொண்டது. ரவிக்கை தைத்துக்கொண்ட பெண்கள் சமையலுக்குக் காய் நறுக்க வந்தார்கள். டிப்போ ஆட்கள் வாழைமரம் கட்டினார்கள். மாலை என் வேலை, யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்று பவளக்கொடி சொல்லிவிட்டாள். எழுத்துக்காரர்கள் இது தங்கள் வெற்றி என்றார்கள். பொருள்காரர்கள், ஒருத்தன் பந்தியில் உட்கார்வதற்குக் கட்சி எதற்கு என்றார்கள். அம்மையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம், என்னண்ணே, மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு என்று கிண்டல் பண்ணினார்கள், ஒருத்தர் முகத்திலும் பரிதாபம் இல்லை, அறுபது ஆகிறவரைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பத்திரிகை உள்ளூர் அச்சகத்தில் அடித்தது. தலைப்பில் 60-ஆம் கல்யாணம் என்று மஞ்சளில், கொட்டை எழுத்தில். தையல்நாயகி ஒரு பத்திரிகையை மட்டும் இரண்டு நாள் மிஷின் மேஜையிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அதன்மேல் உத்திராபதி என்று எழுதி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, மேலத்தோப்பு நிறுத்தத்தில் யார் கையிலாவது சேர்த்துவிடச் சொன்னாள். வடவாய்ப்பேட்டைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஆறு மாதத்தில் அவர்களுக்கு அறுபது அறுபதாகவே பழகிவிட்டிருந்தது. பத்திரிகை பாலத்தைத் தாண்டிப் போகும் என்பதும், தாண்டினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தோன்றவில்லை, அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை, ஒரு நாளைக்குப் பத்து நடை பாலத்தைக் கடக்கிற கண்டக்டருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று காலை மணிக்கூண்டு ஆறேமுக்கால் காட்டியபோது கடைத்தெருவில் பத்தாம் நம்பர் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து உத்திராபதி இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கையில் தாம்பாளம், அதில் பட்டுப்புடவையும் வேட்டியும் மஞ்சளும் பழமும். இன்னொரு கையில் அந்தப் பத்திரிகை. நேராகக் கோயில் மண்டபத்துக்கு வந்தவர் தங்கையின் முன்னால் நின்றார். மேளக்காரர்கள், இது என்ன நேரம் என்று தெரிந்தவர்கள், வாசிப்பை நிறுத்தினார்கள்.

அவர் பத்திரிகையை அவளிடம் நீட்டினார். மேலத்தோப்பு வீட்டு வாசலில் அவர் வாங்கிப் படித்தபோது அதன் தலைப்பு 48-ஆம் கல்யாணம் என்று இருந்தது. இப்போது அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் 60 இருந்தது. அதை அவர் பார்த்தார், பேச வாயெடுத்தார், சொல்ல வந்த எண் நாக்கில் இல்லை. மறுபடி முயன்றார்.

"தையலு, மாப்பிள்ளைக்கு அறுபதுதானேம்மா ஆகுது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அறுபதுக்குத்தான் அறுபதாம் கல்யாணம், பின்ன எழுபதுக்கா பண்ணுவாங்க என்றார் ஒருவர். பந்தியில் யாரோ, மச்சான்காரருக்கு வயித்தெரிச்சல் என்றார்கள். உத்திராபதி யாரையும் பார்க்கவில்லை.

"அறுபதுதானே ஆகுது. அதுக்குள்ளயா?"

தையல்நாயகிக்கு அப்போது புரிந்தது. பத்திரிகை பாலத்தைத் தாண்டிப்போய், அவள் யாரிடமும் சொல்லாததை அண்ணனிடம் சொல்லியிருந்தது. கேலி செய்கிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்திருப்பார். பிறகு, நாற்பத்தெட்டில் யாரும் இந்தக் கல்யாணம் பண்ணிக்கொள்வதில்லை, அறுபதுக்குக் காத்திருக்க முடியாத ஒருவன்தான் பண்ணிக்கொள்வான் என்று, கையில் பத்திரிகையோடு உட்கார்ந்து எண்ணிப்பார்த்திருப்பார். எண்ணி முடித்துவிட்டு, தள்ளி நின்றே பழகிய அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

"ஆமாண்ணே," என்றாள். "அதுக்குள்ளதான்."

அவர் தாம்பாளத்தை அவள் கையில் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் எதுவும் விளக்காமல் மணையில் இருந்தவரிடம் போனார். அம்மையப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்க மாப்பிள்ளை என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பவளக்கொடி ஆசையோடு கட்டிய மாலை, சம்பங்கியும் ரோஜாவுமாகத் தொடை வரைக்கும் தொங்குகிற பெரிய மாலை. அது நெஞ்சில் அழுத்துவதையும் அம்மையப்பன் அதற்கடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டே சிரிப்பதையும் உத்திராபதி கண்டார். அவர் பின்னால் போய் நின்றுகொண்டு, மாலையைப் பிடரியிலிருந்து இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். பார்க்கிறவர்களுக்கு மச்சான் மாலையைச் சரிசெய்கிற மாதிரி இருந்தது. கல்யாணம் முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. இருபத்தொரு வருடம் தாமதமாக வந்த மேளம். உள்ளூர்க் கணக்கில் இருபத்தைந்து. அம்மையப்பன் மஞ்சள் கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் ஒரு முடிச்சுப் போட்டார். அதற்கே விரல்கள் களைத்துவிட்டன. நாத்தனார் யாரும்மா, வந்து மீதி முடிச்சைப் போடுங்கோ என்று குருக்கள் கேட்டார். அம்மையப்பனுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தையல்நாயகி தலையைத் திருப்பாமல், பவளக்கொடி, வா என்றாள். பவளக்கொடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். பூ கட்டுகிற கை, மீதி இரண்டு முடிச்சும் சட்டென்று விழுந்தன.

பின்னால் நின்ற உத்திராபதி மாலையைத் தாங்கியபடி முடிச்சுகளை வாய்க்குள் எண்ணினார். எண்ணும்போது எங்கே தவறிவிடுமோ என்று அவருக்கு ஒரு பயம் இருந்தது, இந்த ஊரில் எதை நம்பி எண்ணுவது என்று தெரியவில்லை. ஒன்று என்றார், சரியாக இருந்தது. இரண்டு என்றார். மூன்று என்றார். மூன்று, பாலத்துக்கு அந்தப்பக்கமும் மூன்றுதான்.